இருநூறு ரூபாவுக்கு ஒரு வினா

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நமக்கென்று எழுதப்பட்ட ஒரு தொகை இருக்கிறது: 5,000 மில்லியன் ரூபா. நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாகும், அதற்கு மேல் வருகை ஊக்குவிப்பாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே தரும் என்று 2025 நவம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி நிதியமைச்சராக நின்று சபையில் வாசித்தார். எல்லாரும் பேசும் 1,750 அப்படி வந்த கணக்குத்தான்.

இதில் 1,550 கம்பனியின் காசு. 200 பொதுமக்களின் காசு. அந்தப் பொதுமக்களில் நாமும் சேர்த்தி. சவர்க்காரத்துக்கும் போன் ரீலோடுக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறோம். ஆகவே அந்த இருநூறை யாரோ ஒருவர் மடியிலிருந்து எடுத்துத் தந்ததாக நினைத்து மாலை போடவும் தேவையில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு என்று வாய்மூடி இருக்கவும் தேவையில்லை. அரசாங்கம் செலவு செய்யும் காசுக்குக் கணக்குக் கேட்கும் இடம் ஒன்று சட்டப்படி இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5,000 மில்லியனை 200ஆல் வகுத்தால் 25 மில்லியன். தோட்டத்துப் பேச்சில் சொன்னால் இரண்டரைக் கோடி பேர். பெரட்டில் பேர் போடுகிறோமே, அந்தப் பேர். ஒருவர் மாதம் 25 நாள், வருடம் 300 நாள் வேலைக்குப் போனால், இந்தக் காசு ஏறக்குறைய 83,000 பேருக்கு வருடம் முழுவதும் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. ஆனால் பல தோட்டங்களில் மாதம் 25 நாள் வேலையே கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் ஒரு கணக்கு, கொழுந்து குறைந்த காலத்தில் இன்னொரு கணக்கு. கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். அரைப்பேருக்கு இருநூறு உண்டா, நூறு உண்டா, ஒன்றுமே இல்லையா? வருட முடிவில் இரண்டரைக் கோடி பேருக்கும் காசு போய்ச் சேர்ந்திருக்குமா, அல்லது பாதி திறைசேரிக்கே திரும்பியிருக்குமா? திரும்பினால், அடுத்த வருடம் "கொடுத்த காசையே நீங்கள் எடுக்கவில்லையே" என்று தொகையைக் குறைப்பார்களா?

கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் கூடையை எடுக்கிற அக்காமார் நம்மில் எவரும் இல்லை. தண்ணீருக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், சாக்குக்கு எத்தனை என்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஐயாயிரம் மில்லியனும் ஒரு நிறுவைதான். அதன் முள் கொழும்பில் ஆடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாராளுமன்றத்தின் நிலையியற் கட்டளைகளின்படி எந்த உறுப்பினரும் எந்த அமைச்சரிடமும் எழுத்தில் வினாக் கொடுக்கலாம். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லை. வாய்மூல விடை கேட்டால் வினாவுக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டு, அமைச்சர் சபையில் எழுந்து விடை சொல்ல வேண்டும். அதன் மேல் இடைவினாக்களும் கேட்கலாம். எழுத்துமூல விடை கேட்டால் சத்தமில்லாமல் விடை வந்து ஹன்சாட்டில் அச்சாகும். இரண்டிலும் ஒன்று நிச்சயம்: அமைச்சின் அதிகாரிகள் கோப்பைத் திறந்து எண்ணை எழுதியே ஆக வேண்டும். மேடையில் சொன்னதை மறுநாள் "பத்திரிகைக்காரர் திரித்துவிட்டார்" என்று சொல்லித் தப்பலாம். ஹன்சாட்டில் ஏறியதை அப்படித் தள்ள முடியாது. அதற்குத் திகதி உண்டு, வினாவுக்கு இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தை எழுதித் தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போட்டால், வாங்குகிற அதிகாரி அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ள யோசிப்பார்.

இதில் தந்திரங்களும் உண்டு, மறைக்கவில்லை. விடை சொல்லும் நாளில் அமைச்சர் "இரண்டு வாரகால அவகாசம்" கேட்பார். இரண்டு வாரம் இரண்டு மாதமாகும். அல்லது "நீண்ட விடை, சபாபீடத்தில் வைக்கிறேன்" என்று ஒரு கட்டுக் கடதாசியை வைத்துவிட்டு அமர்ந்துவிடுவார். வினா மூன்று மொழியிலும் அச்சாகும். விடை அவர் பேசிய மொழியில்தான் இருக்கும், பெரும்பாலும் சிங்களத்தில். நம் பக்கத்தில் நடப்பது இதைவிடக் கவலை: கேட்ட உறுப்பினர் கேட்டதை மட்டும் வீடியோ எடுத்து முகநூலில் போடுவார். விடை வந்த நாளில் அதை வாசித்து மக்களுக்குச் சொல்ல ஆள் இருப்பதில்லை. கேட்டது செய்தி, விடை செய்தியில்லை என்ற நிலைமை யாருக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

எப்படிக் கேட்பது என்பதிலும் விசயம் இருக்கிறது. "தோட்ட மக்களுக்கு இந்த அரசாங்கம் என்ன செய்தது?" என்று கேட்டால் அது வினா அல்ல, அமைச்சருக்கு நாம் போட்டுக் கொடுக்கும் மேடை. அரைமணி நேரம் பேசுவார். எண்ணைக் கேட்டால் பேச முடியாது. அதிலும் ஒதுக்கிய காசு வேறு, விடுவித்த காசு வேறு, செலவான காசு வேறு. செய்தியில் வருவது முதலாவது. லயத்து வாசலுக்கு வருவது மூன்றாவது. ஒதுக்கிய காசு டிசம்பர் 31ஆம் திகதிக்குள் செலவாகாவிட்டால் அந்த ஒதுக்கீடு செத்துப்போகும். ஆகவே மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நம் சங்கத்தின் தலைமைக்குழு தயாரித்திருக்கும் வினாவை இங்கே தருகிறோம். பெருந்தோட்ட மற்றும் சமுதாய உட்கட்டமைப்பு அமைச்சரிடம் கேட்பதற்கானது.

"(அ) (i) பெருந்தோட்டத் தொழிலாளரின் வருகை ஊக்குவிப்புக்காக 2026ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, (ii) அதில் மாதந்தோறும் ஒவ்வொரு கம்பனிக்கும் அரச தோட்ட நிறுவனத்துக்கும் விடுவிக்கப்பட்ட தொகை எவ்வளவு, (iii) அது எத்தனை தொழிலாளரின் எத்தனை நாள் வேலைக்கானது, (iv) அரைநாளாகப் பதியப்பட்ட வேலைக்கும், கைக்காசு முறையில் வேலை செய்வோருக்கும் இது வழங்கப்படுகிறதா, (v) தோட்ட நிருவாகம் அனுப்பும் வருகைக் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரி யார், (vi) இத்தொகை ஊழியர் சேமலாப நிதிக்கான கணக்கில் சேர்க்கப்படுகிறதா என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

அந்தக் கடைசி வரி நமது கண்டுபிடிப்பு அல்ல. நமது பாராளுமன்றத்தில் வினாக்கள் அப்படித்தான் முடிவது வழக்கம். இன்றேல், ஏன்? சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியாத காரணத்தைச் சொல்.

இந்த இரண்டு சொல்லைக் கேட்கும் உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. கோ. நடேசய்யர் 1920களில் சட்டசபையிலும், 1936 முதல் அட்டன் தொகுதி உறுப்பினராக அரசாங்க சபையிலும் இருந்து நம்மைப் பற்றிப் பேசினார். 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது, பின்னாலேயே வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. நியமன உறுப்பினராக ஓரிருவர் இருந்ததைத் தவிர, 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெல்லும் வரை கால் நூற்றாண்டுக்கு நம் அமைப்புகளின் பேரால் மக்கள் தெரிவு செய்தவர் எவரும் அந்தச் சபையில் இல்லை. அந்த 25 வருடத்தில்தான் ஒப்பந்தம் போட்டு நம்மைப் பிரித்தார்கள், தோட்டங்களைத் தேசியமயமாக்கினார்கள், பஞ்சத்தில் பட்டினி கிடந்தோம். யாரைக் கேட்டுச் செய்தார்கள்? கேட்க நமக்கு ஆள் இருக்கவில்லை. இன்று இருக்கிறார்கள். ஆகவே நம் வாக்கால் போனவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு வருடத்தில் எத்தனை வினா கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பொல்லாப்பு ஆகாது.

இருநூறு ரூபாவோடு நிற்கவும் வேண்டியதில்லை. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நம்மில் ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று கை தட்டினோம். அதில் எத்தனை முடிந்தது, எந்தத் தோட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச்சஸ் உறுதி கையில் கொடுக்கப்பட்டதா? கம்பனிகளுக்கு 1992இல் கொடுத்த காணி இன்றும் அரசாங்கத்தின் காணிதான். 53 வருடக் குத்தகை 2045 வரை ஓடுகிறது. எந்தக் கம்பனி எவ்வளவு குத்தகைப் பணம் கட்டியது, எவ்வளவு பாக்கி? ஒவ்வொரு கம்பனியிலும் திறைசேரிக்குப் பொற்பங்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு திறைசேரி எப்போதாவது கணக்குப் பார்த்ததா? அரசாங்கமே நடத்தும் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழ் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் அலைந்தது மலை முழுக்கத் தெரிந்த கதை. இவை கணக்காய்வாளர் நாயகம் கணக்குப் பார்க்கும் நிறுவனங்கள், கோப் குழு கூப்பிட்டு விசாரிக்கக்கூடிய நிறுவனங்கள். அந்த அறிக்கையில் உள்ள பக்கத்தைக் காட்டிக் கேட்கும் வினாவுக்கு மழுப்பல் விடை சொல்வது சுலபமில்லை.

டித்வா புயலையும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் மண் சரிந்து லயங்கள் போனபின், வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா என்றார்கள். லயத்தில் வீடு யாருடையது? பதிவு தோட்டத்தின் பேரில். ஒரு காம்பிராவுக்குள் இரண்டு மூன்று குடும்பம். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் இந்த உதவி பெற்ற குடும்பங்களில் லயத்தில் இருப்போர் எத்தனை, விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டோர் எத்தனை, என்ன காரணத்துக்காக? இதைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகக் கேட்க வேண்டும். மாவட்டக் கணக்காகக் கேட்டால் டவுன் வீடும் லயமும் ஒன்றாகக் கலந்து ஓர் அழகான எண் வரும்.

நமது பிள்ளைகளின் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் உள்ளவை. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது, அதன்பின் தேர்தல் நடக்காமல் வருடங்கள் ஓடின. ஆளுநரின் கீழ் காசு செலவாகிறது, அங்கே எழுந்து நின்று "அந்த மலசலகூடக் கட்டடத்துக்கு எவ்வளவு?" என்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி நமது தலைவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது நம் கருத்து. பிரதேச சபையில் நிலைமை சற்று நல்லது. 2025 மே மாதத் தேர்தலில் வந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். "தோட்டத்துக்குள் பிரதேச சபைக் காசைப் போட முடியாது" என்ற பழைய பல்லவிக்கு இருந்த சட்டத் தடையும் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இன்னும் அதைப் பாடுகிறவரிடம் திருத்தத்தைக் காட்டலாம்.

உறுப்பினர் எவரும் முன்வராவிட்டால்? அப்போதும் கை கட்டி நிற்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரசையான எவரும் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. கோரிக்கையை ஏற்றதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரவேண்டாம்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் கெட்டித்தனம். பாராளுமன்ற விடையில் "இத்தோட்டத்துக்கு இத்தனை பேருக்கான காசு விடுவிக்கப்பட்டது" என்று வந்தால், அதைத் தோட்டத்தின் செக்ரோலோடும் நமது சம்பளத் துண்டோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒத்துவராவிட்டால் அந்த ஒரு தோட்டத்துக்கான கட்டணப் பதிவைத் தகவல் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை நம் கையில் இருக்கும் துண்டுகள். சம்பளத்தன்று வாங்கி மடித்து, அடுத்த வாரம் அடுப்பு பற்றவைக்கப் போய்விடுகிற அந்தத் துண்டுகள்தாம்.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் கமிட்டித் தலைவிகளும் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு டிவிசனிலும் பத்துப் பேரின் இவ்வருட ஜனவரி முதலான சம்பளத் துண்டுகளை, அவர்கள் சம்மதத்தோடு, போன் கெமராவில் படம் எடுங்கள். முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, 200 ரூபா தனி வரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று கொப்பியில் எழுதுங்கள். கைக்காசுக்கு வேலை செய்கிறவர்களை விட்டுவிட வேண்டாம், அவர்களின் கணக்குத்தான் அதிகம் தொலைவது. மாவட்டக் காரியாலயத்தில் சேர்ந்ததும், மேலே உள்ள வினாவோடு மலையகத்தைப் பிரதிநிதித்துவம் செய்யும் எல்லா உறுப்பினர்களிடமும், ஆளும் தரப்பு உட்பட, கையொப்பம் வாங்கிக் கையளிப்போம். யார் அதைச் சபையில் கொடுத்தார், வினா இலக்கம் என்ன, எந்தத் திகதியில் அவகாசம் கேட்டார்கள் என்பதை இப்பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் மாதாமாதம் போடுவோம். விடை சிங்களத்தில் வந்தால் தமிழில் பெயர்த்துப் போடுவது நமது பொறுப்பு. பெரட்டுக்களத்தில் யாராவது ஒருவர் அதைச் சத்தமாக வாசிப்பது உங்கள் பொறுப்பு.