பெருமாள் மேஸ்திரியிடம் லைசென்ஸ் இருந்ததா?

தெருவில் மணலைக் கொட்டுகிறவர்களைப் பற்றி நான் எழுதாத மாதம் உண்டா என்று அலுத்துக்கொள்ளும் வாசகர்கள் இரண்டு பத்தி தாண்டி வந்துவிடலாம். விளாங்குடியில் எங்கள் தெரு முக்கில் இந்த வாரம் மறுபடியும் எம்-சாண்ட். எப்படியும் இரண்டு யூனிட் இருக்கும், அதாவது இருநூறு கன அடி. பாதித் தெரு அடைபட்டுப் போக, மீதிப் பாதியில் பொடி பரவி, திரும்புகிற டூவீலர் ஒவ்வொன்றும் ஒரு வழுக்கு வழுக்கிவிட்டுத்தான் நேராகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறார். கான்ட்ராக்டர் லாரிக்காரரைக் கைகாட்டுகிறார். லாரிக்காரர் எந்த கிரஷர் வாசலில் நிற்கிறாரோ!

கான்ட்ராக்டர் தம்பி நல்ல மாதிரிதான். "நாளைக்கு அள்ளிருவோம்ணே" என்றார். எரிச்சலில், "ஏம்ப்பா, லைசென்ஸ் வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"வண்டிக்காண்ணே?"

சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், சட்டப்படி அதைவிடச் சரியான பதில் கிடையாது. டீக்கடை போட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வயரிங் வேலையை ஒப்பந்தம் எடுக்க, மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் உரிமம் வேண்டும். ஆனால் ஒருவருடைய ஆயுள் சேமிப்பையும் அதற்குமேல் வாங்கிய வங்கிக் கடனையும் கையில் வாங்கி, அவர் தலைக்கு மேல் கூரை போடுகிறவருக்குத் தமிழ்நாட்டில் தனியாக உரிமம் எதுவும் தேவையில்லை. பொதுப்பணித் துறையில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பதிவு உண்டு. அது அரசு வேலைக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும். சொந்த மனையில் ஒற்றை வீடு கட்டுகிறவர் அந்தக் குடைக்குள் வரமாட்டார். வரைபடத்தில் பதிவுபெற்ற இன்ஜினியர் கையெழுத்து இருக்கும், சரி. பூச்சில் தண்ணீர் கசிந்தால் கையெழுத்தா வந்து நிற்கும்?

அனுமதி வாங்குவது இப்போது சுலபம்தான். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணத்தைக் கட்டினால் உடனே அனுமதி. முன்கூட்டி வந்து பார்க்கும் கள ஆய்வு கிடையாது; பணி முடிப்புச் சான்றும் வேண்டாம். பலவகைக் கட்டணங்களையும் ஒன்றாக்கி, மதுரை மாநகராட்சிக்குச் சதுர அடிக்கு 88 ரூபாய் என்று வைத்தார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 88,000 ரூபாய். விளாங்குடி 2011 வரை பேரூராட்சியாக இருந்த ஊர். இங்கே அந்தக் கணக்கைக் கேட்டதும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

வாங்குகிற பணத்துக்கு ரசீது தருகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். கான்ட்ராக்டரின் சதுர அடி ரேட்டுக்கு அதுவும் கிடையாது. இரண்டாயிரத்துச் சொச்சம் என்று வாயால் பேசி முடிக்கிறார்கள். அதில் போர்டிகோ சேர்த்தியா, சன்ஷேடு சேர்த்தியா, தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் யார் கணக்கு, கம்பி எந்தக் கம்பெனி என்பதெல்லாம் கூரை கான்கிரீட் போட்ட பிறகுதான் விவாதத்துக்கே வரும். 2025 செப்டம்பரில் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதைச் சொல்லி ரேட்டைக் குறைத்த ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் ஒரு சேவை என்று 1993-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே போய் நிற்கத் துண்டுச் சீட்டாவது வேண்டாமா?

இதைப் பற்றி மூன்று பக்கம் குமுறலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் வேறு வேலையாக டவுனுக்குப் போக வேண்டி வந்தது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் போர்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போது மண்டையில் பளிச்சென்றது. யார் இந்த மேஸ்திரி?

மதுரைக்காரர்களுக்கு ஓரளவு தெரிந்த கதைதான். நாயக்கர் காலத்துக் கோட்டை. அதில் 72 கொத்தளங்கள், பாளையத்துக்கு ஒன்று என்பார்கள். (2011-க்கு முன் மாநகராட்சிக்கும் 72 வார்டுகள்தான். கொத்தளத்தை எண்ணியா வார்டு பிரித்தார்கள்?) 1840-ஐ ஒட்டிய வருடங்களில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்தக் கோட்டையை இடிக்க முடிவெடுத்தார். மதிலுக்குள் ஊர் நெருக்கியடித்துக் கிடந்தது. அகழித் தண்ணீர் நாறியது. அவ்வளவு பெரிய மதிலை இடிக்கக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகாது. அதனால் ஒரு யோசனை செய்தார். உன்னால் எவ்வளவு இடிக்க முடியுமோ இடி, அகழியைத் தூர்த்து மேடாக்கு, அந்த இடம் உனக்கு. சதுர அடிக்கு இவ்வளவு என்ற பேச்சே இல்லை. உழைப்புதான் கட்டணம், அதுவேதான் அனுமதியும். வெளி வீதிகளும் அவற்றை ஒட்டிய வீதிகளும் அப்படி வந்தவை. நில அளவை மாரட் என்ற வெள்ளைக்காரர் பொறுப்பு. ஆட்களை நிறுத்தி வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இருவர் பெயரும் நிலைத்துவிட்டன. கலெக்டருக்கு மக்கள் வைத்தது கீழமாசி வீதிப் பக்கம் நிற்கும் விளக்குத்தூண். அதைக் காட்டி பிளாக்பர்ன் பெயரைச் சொல்கிறவர்கள் இன்று எத்தனை பேர்?

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பேசியாயிற்று. பரவாயில்லை, இன்னொரு முறை. 2008-ல் வந்து 2011-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல். முழுக்கப் படிக்கப் பயப்படுகிறவர்கள் கோட்டை இடிபடும் பகுதியை மட்டுமாவது படியுங்கள். கோட்டைச் சுவரில் குடியிருக்கும் காவல் தெய்வங்கள் என்ன ஆகும் என்று ஊரே நடுங்கும் இடம். அதைப் படித்த பிறகுதான் மேஸ்திரியின் வேலை எனக்குப் புரிந்தது. கடப்பாரையைத் தூக்க ஆள் கிடைப்பார்கள். சாமி இருக்கும் சுவரில் முதல் அடியை அடிக்க ஆளைச் சம்மதிக்க வைப்பது எந்த டெண்டரிலும் எழுத முடியாத வேலை. அந்தப் பொறுப்புக்கு நாலு பேருக்குத் தெரிந்த முகம் வேண்டும், ஏதாவது ஆனால் அவன் வீட்டு வாசலில் போய்க் கத்த முடிய வேண்டும். அந்த முகத்தின் பெயரைத்தான் தெருவுக்கு வைத்தது ஊர் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இன்று கட்டுகிறவருக்கு முகம் எவ்வளவு நாள்? வேலை நடக்கும்வரை வாசலில் ஃப்ளெக்ஸ். பெயின்ட் அடித்ததும் அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். நிலை வைக்கும் நாளில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு, கான்கிரீட் அன்று நிமிந்தாள் சித்தாள் எல்லாருக்கும் சாப்பாடு. புதுமனை புகுவிழா அழைப்பிதழில் மாமன் மச்சான் பெயர்கள் இரண்டு பக்கத்துக்கு ஓடும். சுவரை எழுப்பியவர் பெயர் எங்கும் இராது. வாசல் கல்லில் 'அன்னை இல்லம்', வருடம், அவ்வளவுதான்.

மாநகராட்சி அந்த 88-ஐ 89 ஆக்கட்டும், நான் மனு எழுத மாட்டேன். அந்த ஒரு ரூபாய்க்கு வாசல் சுவரில் ஒரு சின்னக் கல் பதித்து, கான்ட்ராக்டர் பெயர், தலைமைக் கொத்தனார் பெயர், கட்டிய வருடம் மூன்றையும் வெட்ட வேண்டும் என்று விதி செய்யட்டும். கசிந்தாலும் கசியாவிட்டாலும் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். அடுத்து வீடு கட்டுகிறவர்கள் ஐப்பசி மழையில் தெருத்தெருவாகப் போய்ச் சுவரையும் பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். கொத்தனார்கள் ஒப்புக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். எழுத்து எந்த அளவு, யார் பெயர் மேலே என்று சண்டைக்கு வரப்போவது இன்ஜினியர்கள்தான்.