மரங்களில் மரபணு திருத்தம்: காட்டுக்காக யார் சம்மதம் தருவது?

நாட்டின் முதல் மரபணு திருத்தப்பட்ட நெல் ரகங்கள் இரண்டை மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் 2025 மே மாதம் அறிமுகம் செய்தார். வயலுக்கு வந்துள்ள இத்தொழில்நுட்பம் நாளை காட்டுக்கும் வரக்கூடும். அதற்கு அனுமதி தர வேண்டியவர் யார் என்பதே இப்போதைய கேள்வி.

வனத்துறையில் மரபணுவியலின் பயன் இரு வகைப்படும். முதலாவது, மரபணுவை வாசித்தறிவது. தரமான விதை மரங்களைத் தேர்வு செய்யவும், பிடிபட்ட கட்டை செம்மரமா எனக் கண்டறியவும் இது உதவுகிறது. இரண்டாவது, மரபணுவையே மாற்றுவது. சர்ச்சை எழுவது இதில்தான்.

அமெரிக்க அனுபவம் இதற்குச் சான்று. 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், சுமார் 50 ஆண்டுகளில் 300 கோடிக்கும் அதிகமான செஸ்ட்நட் மரங்களை அழித்தது. கோதுமை மரபணு ஒன்றைச் சேர்த்து, நோயைத் தாங்கும் ‘டார்லிங் 58’ வகையை நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உருவாக்கினர். அதைத் தடையின்றி நட 2020-இல் அனுமதி கோரப்பட்டது. ஆனால், சோதனையில் இருந்தவை ‘டார்லிங் 54’ என்ற வேறு வகை மரங்கள் என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றின் செயல்திறனும் திருப்தி தரவில்லை எனக் கூறி, அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை 2023 டிசம்பரில் ஆதரவை விலக்கிக்கொண்டது.

அழியும் இனத்தைக் கைகட்டிப் பார்த்திருப்பதும் அறமாகாது என்ற ஆதரவாளர்களின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. எனினும், நெல்லில் தவறு நேர்ந்தால் அடுத்த பருவத்தில் விதையை மாற்றலாம். மரமோ பல தலைமுறை வாழும். அதன் மகரந்தத்துக்கு எல்லை இல்லை.

இந்தியாவில் அயல் மரபணு சேர்க்கப்பட்ட தாவரங்களுக்குக் கடும் பரிசோதனை உண்டு. அயல் மரபணு இல்லாத, திருத்தப்பட்ட தாவரங்களுக்கு 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. ‘தாவரங்கள்’ எனப் பொதுவாகக் கூறும் அந்த உத்தரவு, பயிருக்கும் மரத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டையும் பல்லுயிர் வளத்தையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைகளுக்கு வழங்கியுள்ளது. அவற்றின் ஒப்புதலின்றி இத்தகைய மரங்களைக் காட்டில் நடுவது அச்சட்டத்தின் நோக்கத்துக்கே முரணாகும்.

பி.டி. கத்தரிக்காய் விவகாரத்தில் பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே 2010-இல் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. ஒரு காய்கறிக்குக் காட்டிய அந்தப் பொறுமையைக் காட்டு மரங்களுக்கும் காட்ட வேண்டும்.