பிளவுபட்ட மரபணுவும் முடிந்துவிட்ட ஆய்வேடும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியல் துறைகளில் ஃபேஜ்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல எழுதப்படுகின்றன. ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியங்களை அவற்றைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டே அடக்கலாம் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். நம்பிக்கை நியாயமானதே. ஆயினும் இவ்வாய்வேடுகளுள் பெரும்பாலானவற்றின் கட்டமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. கழிவுநீரிலிருந்தோ ஆற்றுநீரிலிருந்தோ ஒரு ஃபேஜ் பிரித்தெடுக்கப்படுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்கப்படுகிறது. வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் அது எவ்வளவு தாங்கும் என்பது அளக்கப்படுகிறது. இறுதியில் அதன் மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தப்படுகிறது. மென்பொருள் ஒன்று அவ்வரிசையைச் சில நிமிடங்களில் மரபணுக்களாகப் பகுத்துப் பெயரிட்டுத் தருகிறது. அந்தப் பட்டியல் பின்னிணைப்பில் சேர்ந்ததும் ஆய்வு முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

உண்மையில் அப்பட்டியலில்தான் ஆய்வு தொடங்க வேண்டும். அதில் சில வேளைகளில் ஒரு முக்கியமான நொதியின் மரபணு இரு துண்டுகளாகத் தென்படும். முதல் துண்டில் நொதியின் முற்பாதி இருக்கும், அடுத்து, டி.என்.ஏ.வை வெட்டும் நொதி ஒன்றின் மரபணு நிற்கும். அதற்கும் அப்பால் பழைய நொதியின் பிற்பாதி கிடக்கும். பாக்டீரியங்களுக்காகவும் அவற்றின் வைரஸ்களுக்காகவும் எழுதப்பட்ட வழக்கமான மென்பொருள்கள் மரபணுவின் நடுவே இடைவெட்டு இருக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அவை இரு பாதிகளையும் இரு தனி மரபணுக்களாகப் பதிவு செய்துவிடுகின்றன. மாணவர் அதனை வரிசைப்படுத்தலில் நேர்ந்த பிழை என்றோ சிதைந்த மரபணு என்றோ கருதிக் கடந்துவிடுகிறார். ஆய்வேட்டின் மிகச் சிறந்த இயலாக அமைந்திருக்க வேண்டியது அங்கே தவறிப்போகிறது.

இப்படிக் கடந்து செல்லாத ஒரு குழுவின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1977இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள், அடினோவைரஸின் மரபணுக்கள் தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாக இருப்பதைக் கண்டறிந்தன. இடையே நிற்கும் பகுதிகளுக்கு 1978இல் வால்டர் கில்பர்ட் இன்ட்ரான் என்று பெயரிட்டார். அவை உயர் உயிரணுக்களுக்கும் அவற்றின் வைரஸ்களுக்கும் மட்டுமே உரியவை என்ற எண்ணம் விரைவில் நிலைபெற்றது. பாக்டீரியத்தில் ஆர்.என்.ஏ. உருவாகிக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம்கள் அதைப் படிக்கத் தொடங்கிவிடுகின்றன. வெட்டி ஒட்டுவதற்கு அங்கே அவகாசம் ஏது என்ற வாதம் பொருத்தமாகவே தோன்றியது.

1984இல் அவ்வெண்ணம் உடைந்தது. ஈ.கோலையைத் தாக்கும் டி4 ஃபேஜின் தைமிடிலேட் சின்தேஸ் மரபணுவை மார்லின் பெல்ஃபோர்ட்டும், ஃபிராங்க் மேலி, கிளாடிஸ் மேலி முதலிய அவருடைய சக ஆய்வாளர்களும் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஆராய்ந்துவந்தனர். அம்மரபணுவின் நடுவே 1,017 கார இணைகள் நீளமுள்ள, அந்நொதியோடு தொடர்பற்ற ஒரு பகுதி இருந்தது. அதைப் பிழையென்று ஒதுக்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அக்காலத்துப் பாடநூல்கள் அவர்கள் பக்கமே நின்றிருக்கும். அவர்களோ அதை இன்ட்ரான் என்று நிறுவி வெளியிட்டனர்.

இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான், டெட்ராஹைமினா என்ற ஓரணு உயிரியின் ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்தின் துணையுமின்றித் தன் இன்ட்ரானைத் தானே வெட்டியெறிவதைத் தாமஸ் செக் காட்டியிருந்தார். இத்தகைய இன்ட்ரான் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்துகொள்கிறது. குவானோசின் மூலக்கூறு ஒன்று அதன் தொடக்க எல்லையைத் தாக்கி அறுக்கிறது. அறுபட்ட முனை மறு எல்லையைத் தாக்குகிறது. இன்ட்ரான் விலக, இருபுறத் துண்டுகளும் இணைகின்றன. டி4 இன்ட்ரானும் இவ்வகையைச் சேர்ந்ததே. வெட்டும்போது அந்தக் குவானோசின் இன்ட்ரானோடு ஒட்டிக்கொள்வதால், கதிரியக்கம் ஏற்றிய ஜி.டி.பி.யைக் கொடுத்தால் இன்ட்ரான்கள் தாமே அடையாளமிட்டுக்கொள்ளும். இந்த எளிய உத்தியால் டி4இல் ஒன்றுக்கு மேற்பட்ட இன்ட்ரான்கள் இருப்பது 1986இல் தெரியவந்தது. இன்று அறியப்பட்டுள்ளவை மூன்று. மூன்றும் டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள்களைத் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களில் அமைந்துள்ளன. 1999இல் ஸ்டெஃபைலோகாக்கஸைத் தாக்கும் டுவார்ட் ஃபேஜில், ஒரே மரபணுவுக்குள் மூன்று இன்ட்ரான்கள் இருப்பதும் கண்டறியப்பட்டது.

இவை வெறும் இடைச்செருகல்களும் அல்ல. டி4இன் தைமிடிலேட் சின்தேஸ் இன்ட்ரானுக்குள் வெட்டுநொதி ஒன்றின் மரபணு இருக்கிறது. இன்ட்ரான் இல்லாத ஃபேஜின் அதே மரபணுவை அந்நொதி வெட்டுகிறது, வெட்டுண்ட டி.என்.ஏ. தன்னைச் சீர்செய்துகொள்ள இன்ட்ரான் உள்ள பிரதியைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. விளைவாக இன்ட்ரான் புதிய இடத்தில் குடியேறிவிடுகிறது. 2024இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கு மேலும் ஒரு பரிமாணத்தைக் காட்டினர். சூடோமோனாஸ் பாக்டீரியத்தைத் தாக்கும் இரு பெரும் ஃபேஜ்கள் ஒரே உயிரணுவுக்குள் நுழையும்போது, ஒன்றின் இன்ட்ரானில் உள்ள வெட்டுநொதி மற்றதன் இன்றியமையாத மரபணு ஒன்றை வெட்டி, அதன் இனப்பெருக்கத்தைக் குலைக்கிறது. இன்ட்ரான் அங்கே போர்க்கருவியாகிறது.

ஃபேஜ் மருத்துவத்தை நோக்கமாகக் கொண்டோர் இதனைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அம்மருத்துவம் பல வேளைகளில் பல ஃபேஜ்களின் கலவையையே நம்பியிருக்கிறது. ஒரே கலவையில் உள்ள இரண்டு ஃபேஜ்கள் ஒரே பாக்டீரியத்துக்குள் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்குமா என்ற கேள்விக்கு, பின்னிணைப்பில் கவனிக்கப்படாமல் கிடக்கும் பிளவுபட்ட மரபணுவே விடையின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். பயன்பாட்டையே குறிக்கோளாகக் கொண்ட ஆய்வும் இங்கே அடிப்படை ஆய்வைத் தவிர்க்க முடியாது.

ஆய்வுக்குழுக் கூட்டங்களில் தவறாமல் எழும் "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விக்கும் இவ்வரலாற்றில் விடை உண்டு. டி4இன் அதே தைமிடிலேட் சின்தேஸ் இன்ட்ரானின் இரு பாதிகளையும் இடம் மாற்றி அமைத்தால் இடையிலுள்ள ஆர்.என்.ஏ. வட்டமாக மூடிக்கொள்ளும் என்பது 1994இல் காட்டப்பட்டது. வட்ட ஆர்.என்.ஏ. எளிதில் சிதையாது, நெடுநேரம் புரதம் தயாரிக்கவல்லது. 2018இல் உயிரணுக்களில் நிலைத்துச் செயல்படும் வட்ட ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கியவர்கள் இம்முறையையே எடுத்துச் செம்மைப்படுத்தினர். இன்றைய வட்ட ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஆய்வுகள் பலவற்றுக்கு அதுவே அடித்தளம். 1984இல் கேட்டிருந்தால் பெல்ஃபோர்ட்டின் குழு இந்தப் பயனைச் சொல்லியிருக்க இயலாது. பயன் இல்லாதது வேறு, பயன் இன்னும் தெரியாதது வேறு. இவ்வேறுபாட்டை உணராத ஆய்வுக்குழு, மாணவரின் கேள்வியை அதன் முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

இதில் மாணவரை மட்டும் குறை கூறுவது அறமாகாது. தேசிய உதவித்தொகை பெறும் மாணவருக்கு அது ஐந்தாண்டுகளுக்கே கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் தொடக்கநிலையில் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். அதுவும் இல்லாதோர் பலர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் ஆய்வுக்கட்டுரை வெளியிடும் கட்டாயத்தை நீக்கினாலும், வேலைச் சந்தை அதை நீக்கவில்லை. உறுதியாக முடியும் வேலையையே மாணவர் தேர்ந்தெடுப்பது இந்நிலையில் இயல்பு. எதிர்பாராத முடிவைத் துரத்துவதன் இழப்பு முழுவதும் மாணவரைச் சேர்கிறது. அதன் பெருமையோ அனைவருக்கும் பங்கிடப்படுகிறது.

எனினும் இந்தக் கேள்வியைச் சோதிக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஃபேஜின் டி.என்.ஏ.விலிருந்து அம்மரபணுவை பி.சி.ஆர். மூலம் பெருக்க வேண்டும். ஃபேஜ் தொற்றிய பாக்டீரியத்தின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதிலிருந்து பெற்ற சி.டி.என்.ஏ.விலும் அதையே செய்ய வேண்டும். ஜெல்லில் இரண்டாவது பட்டை குட்டையாக இருந்தால் அங்கே இன்ட்ரான் வெட்டப்படுகிறது. அதை வரிசைப்படுத்தினால் ஒட்டிய இடமும் உறுதியாகும். எல்லாப் பிளவும் இன்ட்ரான் ஆகிவிடாது. சில இன்டீன்களாக, அதாவது புரதநிலையில் வெட்டப்படுபவையாக இருக்கலாம். சில உண்மையிலேயே சிதைந்த மரபணுக்களாகவும் இருக்கலாம். எதுவென்று அறிவதே ஆய்வு. சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் இது இயலும்.

நெறியாளர்களும் தேர்வாளர்களும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வில், "எத்தனை மரபணுக்கள் கண்டீர்?" என்று கேட்பதற்கு மாறாக, "மென்பொருள் சொன்னவற்றுள் எதை நம்ப மறுத்தீர், ஏன்?" என்று கேட்கலாம். அக்கேள்வி வரும் என்று தெரிந்தால், மாணவர் முதலாண்டிலேயே பட்டியலை வேறு கண்ணால் படிப்பார்.

கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியை அழிக்கும் ஏதோ ஒன்று இருப்பதை எர்னஸ்ட் ஹான்கின் ஆக்ராவில் இருந்துகொண்டு 1896இல் பதிவு செய்தார். அது இன்னதென்று தெளிவாக இருபது ஆண்டுகள் ஆயின. விடையைக் கண்டவர்கள் வேறிடத்தார். அதே ஆறுகளின் நீரிலிருந்து இன்றும் ஃபேஜ்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. இம்முறையேனும், விந்தையாகத் தோன்றியதைக் குறித்துவைத்தவரே அதன் காரணத்தையும் கண்டறியும் வாய்ப்பு அம்மாணவருக்குக் கிடைக்க வேண்டும்.