நூறு விழுக்காட்டில் விடுபட்டவன்



மே மாதம் பிறந்தால் திருவள்ளூரிலிருந்து திருப்பாச்சூர் வரும் சாலையெங்கும் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடும். "பத்தாம் வகுப்பில் 100 விழுக்காடு தேர்ச்சி!" நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பட்டியல் போயிற்று, தட்டி போகவில்லை.

இந்த நூறு எப்படி வருகிறது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது அது. அந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் வடிகட்டுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் பங்கு இல்ல வாசலில் அழுதுகொண்டு நின்றார். "சாமி, பையன் கணக்குல வீக்காம். நாங்களா டி.சி. வாங்கிக்கிட்டா பாஸ்னு போட்டுத் தர்றாங்களாம்" என்றார். நாமும் பள்ளிக்குப் பேசிப் பார்த்தோம், பலனில்லை. வேறு பள்ளிக்குப் போக அவன் மறுத்துவிட்டான். காக்களூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். மறு ஆண்டு அப்பள்ளி நூறு விழுக்காடு பெற்றது. ஆண்டு விழா மேடையில் அமர்ந்து நாமும் கைதட்டினோம்!

பெற்றோரை நாம் குறை கூறவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர்த் தொழிற்பேட்டையிலோ ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் தகப்பன், தன் மகனாவது நிரந்தர வேலையில் அமர வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமே. கல்வி என்றால் சம்பளம் மட்டும்தானா என்று வயிறு நிறைந்தவர்கள் கேட்பது எளிது. வீடு மந்திரிக்கப் போகும்போதெல்லாம் இதை உணர்கிறோம். ஆனால் அந்த வேலைக்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமே! வடிகட்டப்பட்ட பிள்ளைக்கு அந்த ஆசையும் அடைபட்டுப் போகிறது.

நம் மாவட்டத்திலேயே வேறொன்றும் நடந்தது. 2018 ஜூனில், பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியின் இளம் ஆங்கில ஆசிரியருக்கு இடமாற்ற ஆணை வந்தது. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கட்டிப்பிடித்துக் கதறி அழுதார்கள். போக விடவில்லை. அந்தப் படம் நாடெங்கும் பரவியது. அண்ணனைப் போலப் பழகினார், குடும்பத்தைப் பற்றி விசாரித்தார், எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார் என்பதே பிள்ளைகள் சொன்னது. தேர்ச்சி விழுக்காட்டுக்காக யாராவது இப்படி அழுவார்களா?

நம்மவர் பள்ளி ஒன்றில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று விரிவாக்கப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம் நம் மாவட்டத்துக் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. பசித்த பிள்ளைக்கு முதலில் உணவு, பிறகு பாடம். படிப்பு ஏறவில்லை என்று நாம் தள்ளிவிடும் பிள்ளைக்கும் இப்படி ஏதோ ஒரு பசி இருக்கும். அது என்னவென்று கேட்க ஓர் ஆசிரியருக்கு நேரம் வேண்டும், நிர்வாகத்துக்கு மனம் வேண்டும்.

லூக்கா 15-இல் ஆயர் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறார். நாமோ அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, மிச்சத்தை நூறு என்று எழுதுகிறோம்.

வரும் ஜூன் மாதம் பங்குப் பேரவை கூடும்போது, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிடம் இரண்டு எண்களைக் கேட்கலாம் என்றிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர்? பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர்? அந்தத் தாயையும் கூட்டத்திற்கு அழைத்திருக்கிறோம்.