காற்றின் மேல் பழி

மோர்பியில் மச்சூ நதியின் மேலிருந்த தொங்குபாலம் 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். அதற்கடுத்த நாட்களில் நான் படிக்க நேர்ந்த கவிதைகளில் நதி விழுங்கியது; காலன் ஊஞ்சலாடினான்; வாழ்வே ஒரு தொங்குபாலம் என்ற பழைய ஞானம் புதிய வரியமைப்பில் மறுபடியும் அச்சேறியது. எழுதியவர்களில் சிலர் நான் மதிக்கும் கவிஞர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. மற்றவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அந்தக் கவிதைகளில் எங்கும் வராத விஷயங்கள் இவை. பாலத்தின் பிரதான வடம் ஒன்றில் 49 கம்பிகள். அவற்றில் 22 துருவேறி, விபத்துக்கு முன்பே அறுந்து போயிருக்கக் கூடும் என்றது விசாரணைக் குழு. பழைய தொங்குகம்பிகளோடு புதியவற்றைப் பற்றவைத்திருந்தார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் கடிகாரத்துக்குப் பேர்போன ஒரு நிறுவனத்திடம். பல மாதங்கள் மூடிக்கிடந்த பாலம் தகுதிச் சான்றிதழ் இல்லாமலே அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்டது. கைதான மேலாளர் ஒருவர், நடந்தது கடவுளின் சித்தம் என்று கோர்ட்டில் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின.

மேலாளர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஜெயிலுக்குப் பயந்த மனிதன் கடவுளைச் சாட்சிக்கு அழைப்பான். ஆனால் யாரும் கைது செய்ய வராத கவிஞன் ஏன் அதே வாக்குமூலத்தைக் கொடுக்கிறான்? நதி விழுங்கியது என்பதும் கடவுளின் சித்தம் என்பதும் ஒன்றுதான். இரண்டிலும் கம்பியைப் பார்க்காமல் விட்ட மனிதன் காணாமல் போய்விடுகிறான்.

இது நம்மவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்காட்லாந்தில் தே நதியின் மேலிருந்த ரயில் பாலம் 1879 டிசம்பர் 28 இரவு, புயலில், ஒரு ரயிலோடு சேர்ந்து விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. 75 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். பெயர் தெரிந்து உறுதியானவர்கள் 59. அந்தப் பாலத்தைப் பற்றி இரண்டு கவிதைகள் இன்றும் வாழ்கின்றன.

ஒன்று ஜெர்மன் எழுத்தாளர் தியோடர் ஃபொன்டானெ எழுதியது. இரண்டு வாரம் ஆவதற்குள் அச்சில் வந்துவிட்டது. மாக்பெத்தின் சூனியக்காரிகள் கூடிச் சதி செய்கிறார்கள். என்ஜின் ஓட்டி வரும் மகனுக்காகக் கரையில் தாயும் தகப்பனும் காத்திருக்கிறார்கள். மனிதக் கை செய்ததெல்லாம் வெறும் விளையாட்டுச் சாமான் என்று சூனியக்காரிகள் சிரிக்கிறார்கள். கவிதை என்ற அளவில் அது பெரிய சாதனை. மற்றது வில்லியம் மக்கோனகல் எழுதியது. உலகத்தின் மிக மோசமான கவிஞர் என்று இங்கிலீஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிரித்து வரும் மனிதர். சந்தமும் தெரியாது, விரசமும் தெரியாது. ஆனால் கவிதையின் முடிவில் அந்த மனிதர் ஒன்று கேட்கிறார்: இருபக்கமும் முட்டுக் கொடுத்திருந்தால் விழுந்திருக்காதே?

அவர் சொன்ன பரிகாரம் சரியா என்பது வேறு. கேள்வி சரியானது. புயல் சாட்சியாக வந்து நின்றதே தவிரக் குற்றவாளி அது அல்ல என்பதை அந்தக் கோமாளி உணர்ந்திருக்கிறார். மகாகலைஞர் உணரவில்லை.

1880இல் வந்த விசாரணை அறிக்கை பாலத்தின் அமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றுமே மோசம் என்றது. வடிவமைத்த தாமஸ் பௌச் காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை. வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்த ஓட்டைகளைத் தேன்மெழுகும் இரும்புத்தூளும் புகைக்கரியும் குழைத்து அடைத்து, முழு இரும்பு போலக் காட்டியதாகப் பட்டறைத் தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள். பாலத்தைக் கவனிக்க வைத்திருந்தவருக்குச் செங்கல் வேலை தெரியும், இரும்பு வேலை தெரியாது. குறுக்குக் கம்பிகள் கடகடவென்று ஆடும் சத்தம் அவர் காதில் விழுந்தது. இரும்புத் துண்டுகளை ஆப்பாகச் செருகிச் சத்தத்தை நிறுத்தினார். பௌச்சிடம் சொல்லவில்லை. இந்த ஒரு மனிதனுக்குள் இருக்கும் துக்கமும் பயங்கரமும் மூன்று சூனியக்காரிகளிடமும் கிடையாது.

நம் ஊருக்கு வருவோம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த கூலிகள். பலர் ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டிய தரப்பு சொன்னது. பக்கத்தில் அதே ஆட்கள் கட்டிய இன்னொரு கட்டடம் இடி விழாமல் நின்றுகொண்டிருந்தது. அதுவும் ஆபத்தானது என்று 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடியின் குற்றமின்மைக்கு வேறு என்ன நிரூபணம் வேண்டும்?

கவிஞன் என்ன ஓவர்சியரா என்று கேட்பார்கள். கேட்கட்டும். கவிதையை விசாரணை அறிக்கையாக்கச் சொல்லவில்லை. சாவின் முன்னால் பேச வாய் திறக்கிறவன், பொய்ச்சாட்சி சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. அது அழகியலுக்கு வெளியிலிருந்து வருகிற நிபந்தனை அல்ல. துருப்பிடித்த கம்பியைப் பார்க்காத கண், நதியையும் பார்த்திருக்காது. அந்தக் கவிதைகளில் வரும் நதி எந்த ஊர் நதியாகவும் இருக்கலாம்; ஏனென்றால் அது நதியே இல்லை, அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கும் ஜோடனைப் பொருள்.

எதிர்முகாம் நண்பர்கள் இதுவரை படித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சமாச்சாரமும் இதேதான். விதி என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் அமைப்பு, மூலதனம், ஊழல் என்று எழுதிவிட்டால் ஆவேசம் கிடைக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் குற்றவாளி என்கிற கவிதையைப் படித்து எந்தக் காண்டிராக்டரும் தூக்கம் இழந்ததில்லை. தே பால விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். குறைகளில் மூவரும் ஒத்துப்போனார்கள். யார் மேல் பொறுப்பு என்று வந்தபோது இரண்டு என்ஜினீயர்கள் அது தங்கள் வேலை அல்ல என்று ஒதுங்கினார்கள். தலைவரான ராத்தரி மட்டும் தனி அறிக்கை எழுதி, முக்கியப் பொறுப்பு பௌச்சுடையது என்றார். பௌச் சில மாதங்களுக்கு முன்தான் ராணியிடம் ஸர் பட்டம் வாங்கியவர். அப்படிப் பெயர் சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். அந்த நெஞ்சுரம் அவருக்கு நிதானத்திலிருந்து வந்தது: மாதக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டார், பிறகு எழுதினார்.

நமக்குப் பொறுமை இல்லை. பிணம் கரையேறுவதற்கு முன் கவிதை கரையேறிவிட வேண்டும். எழுதாமல் இருப்பதும் ஒரு எதிர்வினை என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆறு மாதம் காத்திருந்து, யார் எங்கே நின்றார்கள், எது எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்துகொண்ட பிறகும் எழுதுவதற்கு ஏதாவது மிஞ்சியிருந்தால், அதை எழுதட்டும். மிஞ்சவில்லை என்றால் அந்தக் கவிதை செத்தவர்களுக்காக எழுதப்படவே இல்லை.

அடுத்த பாலம் விழும். அப்போது இந்தப் பத்திரிகைக்கு நதி விழுங்கிய கவிதை அனுப்புகிறவர்கள், தபால் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.