உலு திராம் தாக்குதலுக்குப் பின்: பயம் தெளியாதவர்கள் எங்கே போவது?

2024 மே 17, விடியற்காலை. ஜொகூர், உலு திராம் காவல் நிலையத்திற்குள் முகமூடி அணிந்த ஆடவன் ஒருவன் பாராங்குடன் புகுந்தான். இரண்டு இளம் போலீஸ்காரர்கள் மாண்டனர், மூன்றாமவர் காயமடைந்தார். தாக்கியவனும் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அவன் யார், எந்தக் கும்பல் என்பதே பெரிய செய்தியானது. முதலில் ஜெமா இஸ்லாமியா தொடர்பு என்றார்கள். பிறகு உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன், அவன் தனியாகச் செயல்பட்டவன் என்றார். இப்படிப்பட்ட சம்பவத்திற்குப் பிறகு சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களுக்கு உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றிய பேச்சுதான் குறைவு.

தூக்கம் கெடும். மோட்டார் சைக்கிள் சத்தத்திற்கே நெஞ்சு படபடக்கும். பிள்ளைகள் தனியாகக் கழிவறைக்குப் போகவும் பயப்படும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் விடாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் இதைப் 'பயந்த கோளாறு' என்று சொல்லி, மந்திரித்துத் திருநீறு போடுவார்கள். அதில் தவறில்லை, மனதுக்குத் தெம்புதான். ஆனால் அதோடு நின்றுவிடுவதே சிக்கல். மனநல மருத்துவர் என்றதும் ஜொகூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை. "தம்போய்க்குப் போனவன்" என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் வாய் திறப்பதில்லை.

எடுத்த எடுப்பில் தம்போய்க்குப் போகத் தேவையில்லை. பக்கத்து அரசாங்க கிளினிக்கே போதும். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அங்குள்ள மருத்துவரே மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். காய்ச்சல், தலைவலி என்று சுற்றி வளைக்காமல், "சம்பவத்திலிருந்து தூக்கம் இல்லை டாக்டர்" என்று சொன்னால் நேரம் மிச்சம்.

தொலைபேசியிலும் வழி உண்டு: சுகாதார அமைச்சின் ஹீல் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. எதிர்முனையில் மலாயோ ஆங்கிலமோ கேட்டதும் போனை வைத்துவிட வேண்டாம். "தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா?" என்று முதலிலேயே கேட்கலாம்.

வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "என்ன பார்த்தே, சொல்லு" என்று துருவக் கூடாது. அவராகப் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் பக்கத்தில் இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட முதலுதவிக் கையேடும் இதைத்தான் சொல்கிறது. சம்பவக் காணொளிகளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவதையும் நிறுத்த வேண்டும். பயந்து கிடப்பவரின் கைப்பேசிக்கும் அது போய்ச் சேருகிறது.