கண்புரை அறுவையும் சுஜூதும்



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான நம் கடற்கரை ஊர்களில், கண்புரை முற்றிய பின்னரும் அறுவை சிகிச்சைக்கு உடன்படாத முதியோர் இருக்கின்றனர். காரணம் கேட்டால் பணம் என்போர் சிலர். வேறு சிலரோ தயங்கித் தயங்கி இதைச் சொல்கின்றனர்: "தலையைக் குனியக் கூடாதாம், முகத்தில் தண்ணீர் படக் கூடாதாம். அப்புறம் ஒளு எப்படி, சுஜூது எப்படி?"

இறையச்சத்தில் பிறந்த கவலை இது. எள்ளி நகையாடத் தக்கதன்று. முதுமையில் பார்வை இழந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், சில நாட்கள் படுத்தவாறு தொழ வேண்டியிருக்கும் என்பதால் கண் சிகிச்சையையே தவிர்த்தார்கள் என்ற அறிவிப்பை ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஆயினும் அந்நூல்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதை விரும்பவில்லை. ஹனஃபி, ஹன்பலி அறிஞர்களும், ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களும், நம்பகமான மருத்துவர் சொன்னால் அவ்வாறு தொழ இடமளித்தார்கள். இன்றைய அறுவையில் நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டிய நிலையும் இல்லை. சிறு கீறல், பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். மருத்துவர் குறித்த நாட்கள் வரை நாற்காலியில் அமர்ந்து, சைகையால் ருகூவும் அதனினும் சற்றே தாழ்வாக சுஜூதும் செய்து தொழுதால் போதும். கண்ணில் நீர் படாமல் ஒளு செய்யும் முறை மத்ஹபுக்கு மத்ஹபு சிறிது வேறுபடும். அறுவைக்கு முன்பே ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த அம்மார் அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். அந்த மரபுக்கு உரிய நாம் மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்பது எனக்கு வியப்பே.

வழியும் தொலைவில் இல்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்கி வருகிறது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று சென்னையிலும் புதுச்சேரியிலும் கிளைகள் உண்டு. முடக்குவாதத்தால் கோணிய விரல்களைப் பழக்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர் அவர். 1992-இல் தொடங்கிய அரோலேப் செயற்கை விழிவில்லையை இங்கேயே செய்து, இறக்குமதி விலையின் சிறு பங்குக்குக் கொடுத்தது. அங்கு கட்டணம் செலுத்துவோரின் பணமே செலுத்த இயலாதோரின் சிகிச்சையையும் தாங்குகிறது. இலவசப் பிரிவுக்குப் போவது கௌரவக் குறைவு என எண்ணும் நம் வீட்டார் இதை அறிய வேண்டும்.

மருத்துவமனை அனுபவத்தில் முதியோரை மிகவும் வாட்டுவது அறுவையன்று, காத்திருப்பு. பாவை விரியும் சொட்டு மருந்தை ஊற்றி உட்கார வைத்த பின் எல்லாம் மங்கித் தெரியும், வெளிச்சம் கூசும். அந்நிலையில் ஒரு மூதாட்டியைத் தனியே விட்டுவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று மகன் கிளம்பிவிடுவதை நான் பொறுக்கமாட்டேன். உடன் ஒரு பெண் இருந்தால், முகத்திரையை விலக்க வேண்டிய இடத்தில் அவருக்குத் தயக்கமும் குறையும். பெண் மருத்துவர் வேண்டுமானால் சீட்டு வாங்கும்போதே கேட்கலாம். அது உரிமைதான், சலுகையன்று. மருத்துவமனையாரும் தம் பங்குக்கு, ஏன் குனியக் கூடாது, எத்தனை நாள் என்பதை அவசரமின்றிச் சொன்னால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் தோழர்களின் கண்ணில் கற்சிதறல் தெறிப்பதும், கடலுக்குச் செல்வோர் கண்ணில் வெயிலாலும் உப்புக்காற்றாலும் சதை வளர்வதும் தனியே எழுத வேண்டியவை.

கண்புரையைவிட எனக்கு அச்சமூட்டுவது கிளாக்கோமா. புரையால் மங்கிய பார்வை அறுவைக்குப் பின் பெரும்பாலும் திரும்பும். கிளாக்கோமா பறித்தது திரும்பாது, அதுவும் வலியின்றியே பறிக்கும். நாள்தோறும் விடும் சொட்டு மருந்தே அதற்குக் காப்பு. அதை ரமளானில், நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சி, மாதம் முழுவதும் நிறுத்திவிடுவோர் நம்மில் உண்டு. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என முடிவு செய்தது. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப வேளையை மாற்றித் தர முடியுமா என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்கட்டும். மருந்தின் பெயரெழுதிய சீட்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். காலை, மாலை என இருவேளை மருந்தாயின் பெரும்பாலும் எளிதாகவே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.